கொளஞ்சிக்கு மாத்தாள்

விருத்தாசலத்தில் ஒரு மனிதனை ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார வைக்க முடிந்திருந்தால் என் ஆராய்ச்சி எப்போதோ முடிந்திருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிய பிறகுதான் அவர்களுக்கு ஊர்க்கதை எல்லாம் நினைவுக்கு வரும். பேசாதீங்க என்றால், "நான் எங்க மேடம் பேசினேன்" என்று அதற்கு ஒரு பேச்சு. நாளைக்கு பி.பி. பார்க்க வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் கம்பெனியே முருங்கைக்கீரை சூப் குடித்துவிட்டு வந்து நிற்கும். சொல்லாமல் போனால் பாதிப் பேர் டீக்கடையில் பீடியோடு நிற்பார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, "இன்னிக்கு நம்பர் நல்லா வரும் பாருங்க" என்று சந்தோஷமாகக் கையை நீட்டினார். நான் பரீட்சை வைக்க வந்தவள் என்றும், பாஸ் பண்ணிவிட்டால் அத்தோடு என் தொல்லை ஒழிந்தது என்றும் அவர்கள் எல்லோருக்கும் ஓர் எண்ணம்.

என் பெயர் சுபாஷினி. டாக்டருக்குப் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்த்து நிம்மதியாகச் சம்பாதிக்காமல், புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலையை என் தலையில் கட்டினார் எங்கள் துறைத் தலைவர் தர்மராஜ். "அவங்க பேசறது உங்களுக்குத்தான் புரியும்" என்றார். புரிந்தது. என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசியதும் சேர்த்துப் புரிந்தது.

பீங்கான் கம்பெனிகளில் சூளைச் சூட்டில் நிற்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏன் இவ்வளவு ஏறிக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஏன் என்பதில் பாதி எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பஞ்சநாதன் என்பவருடைய கம்பெனி அது. மின்கம்பத்துக்கான பீங்கான் குமிழ்கள் செய்கிறார்கள். சூளை எரியும் நாளில் ஒரு பெரிய குண்டான் நிறைய மோர் வரும். அதில் உப்பை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். வேர்வையில் போகிற உப்பு திரும்ப வர வேண்டுமாம். முதல் செம்பு சூளை பார்க்கிற ஆளுக்கு. அது அங்கே மரியாதை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் தேவலாம்.

"உப்பைக் குறைங்க" என்றேன் பஞ்சநாதனிடம்.

"குறைச்சா கொளஞ்சி கோச்சுக்குவான் மேடம். எங்க அப்பா காலத்துலேருந்து இப்டித்தான். வாங்க, கொளஞ்சிய பாக்கலியே நீங்க? பாத்தா அசந்துடுவீங்க."

ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை எடுத்துப் போடுகிறவர் மாதிரி என்னைச் சூளைப் பக்கம் அழைத்துப்போனார். நாலு பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேர் உடம்பில் வேர்வை ஆறாக ஓடியது. நாலாவது ஆள், முப்பதைத் தாண்டியவர், லுங்கியை மடித்துக் கட்டி, சட்டை இல்லாமல், சூளை வாய்க்கு எல்லோரையும் விடக் கிட்டத்தில் நின்றிருந்தார். நெற்றியில் ஒரு துளி இல்லை. தோல் காய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா? வேர்க்காத உடம்பு!" என்றார் பஞ்சநாதன். "எந்தக் கம்பெனிலயும் இப்டி ஒரு ஆளு கெடையாது. இவன் மாமனும் இப்டித்தான். எங்க அப்பாகிட்ட இருந்தாரு. பழமலைநாதர் குடுத்த வரம் மேடம்."

கொளஞ்சி வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் தொப்புளைச் சுற்றி, இடுப்பு வரைக்கும், கேழ்வரகைத் தூவிவிட்டது போல கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். படிக்கும்போது படத்தில் பார்த்தது. நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

சூளை அணைந்ததும் அவர் நேராகப் போய், களிமண் கரைத்து வைத்திருக்கும் தொட்டிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கால் எரியுதா?" என்றேன்.

"சூளை வேலைன்னா எரியத்தான செய்யும் மேடம்."

"சின்ன வயசுல?"

"அப்பவும் எரியும். ஸ்கூல்ல உச்சி வெயில்ல கால வைக்க முடியாது. ஜொரம் வந்துரும். அதான் ஸ்கூலுக்கே போவல."

"சூளையாலதான் எரியுதுன்னா, ஸ்கூலு போறப்ப ஏன் எரிஞ்சுது?"

இப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்கிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. சிறுநீரில் புரதம். அந்த வயதில், அந்த ஒல்லி உடம்பில் இருக்கக் கூடாத எண்கள். பி.பி. மாத்திரைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் மாதாமாதம் போகச் சொல்லி அன்றைக்கே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. செல்லின் கழிவைக் கரைப்பது அவற்றின் வேலை. கரைப்பதற்கு நொதிகள் வேண்டும். அதில் ஏதாவது ஒரு நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால், அது கரைக்க வேண்டிய சரக்கு கரையாமல் தங்கிவிடும். சமையல்கட்டுக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்வதுபோல வருஷக்கணக்கில் சேரும். நான் சந்தேகப்பட்டது ஃபேப்ரி என்ற நோய். அதில் தங்குவது ஒருவகைக் கொழுப்பு. அது வேர்வைச் சுரப்பியில் சேர்ந்தால் வேர்க்காது. நரம்பில் சேர்ந்தால் கை கால் எரியும். சிறுநீரகத்தில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறும், கடைசியில் சிறுநீரகம் நின்றுபோகும். காலத்தில் கண்டுபிடித்தால் அந்த நொதியை மருந்தாக ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம். கெட்ட பிறகு ஏற்றினால், கெட்டது கெட்டதுதான்.

அதாவது, அவர்கள் வரம் என்று கொண்டாடியது நோய். வேர்த்துத்தான் உடம்பு சூட்டை ஆற்றிக்கொள்ளும். வேர்க்கவே முடியாத ஒரு மனிதனைத் தேடிப்பிடித்துச் சூளை வாயில் நிறுத்தி, இழக்காத உப்பைச் செம்பு செம்பாகக் குடிக்கக் கொடுத்து, அதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரை முதலில் அடிப்பது என்று தெரியவில்லை.

தர்மராஜிடம் சொன்னேன். "சுபாஷினி, பி.பி. பாக்கப் போனா பி.பி. மட்டும் பாருங்க. அபூர்வ நோய் எல்லாம் உங்களத் தேடிட்டா வருது?" என்றார். நான் விடவில்லை. நச்சரித்து, கெஞ்சி, ஒரு நாள் அவர் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரத்தத்துளியை அட்டையில் காய வைத்து பெங்களூருக்கு அனுப்ப அனுமதி வாங்கினேன். கொளஞ்சியை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்று சூளைக்காரர்கள் எல்லோருக்குமே எடுப்பதாக ஏற்பாடு. குறித்த நாளில் பார்த்து என்னைப் புதுச்சேரியில் ஏதோ கமிட்டி முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள். எங்கள் டெக்னீஷியன் பிரவீன்குமார் போய் எடுத்து வந்தார்.

"கொளஞ்சி வந்தாரா?" என்று மூன்று முறை போன் பண்ணிக் கேட்டேன்.

"வந்தாரு மேடம். பேரக் கூப்ட்டேன், எந்திரிச்சு வந்தாரு. கையெழுத்தும் போட்டாரு."

முடிவு வந்தது. கொளஞ்சி: நொதி அளவு இயல்பு.

அன்றைக்கு மீட்டிங்கில் தர்மராஜ் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். அது திட்டுவதை விட மோசம். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் புள்ளிகள், அந்தக் களிமண் தொட்டி, அந்தக் காய்ந்த நெற்றி எல்லாம் இருந்தும் ரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்கிறதே, படித்ததெல்லாம் மறந்துவிட்டதா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. சூளை ஓரத்தில் யாரிடமும் போன் இருக்காது. பஞ்சநாதனைக் கூப்பிட்டு, கொளஞ்சி ரத்தத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரிடம் மாதம் தவறாமல் காட்டச் சொல்லுங்கள் என்றேன். "சொல்லிடறேன் மேடம்" என்றார். ஒன்றும் இல்லை என்பதை மட்டும் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது.

மழைக்காலம் போய், பனி போய், மாசி மகத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தபோது இரண்டாவது சுற்று அளவெடுக்கப் போனேன். மணிமுத்தாறு பக்கம் ராட்டினம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் கூட்டத்தைக் காட்டி இரட்டைப் பணம் கேட்டார். ஏற்கனவே எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

கொளஞ்சி வந்து உட்கார்ந்தார். முகம் ஊதியிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது.

"மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"போட்டேன் மேடம். அப்புறம் டாக்டரே கொறச்சிட்டாரு. நம்பர் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டாராம்."

"சொல்லிட்டாராமா? நீங்கதானே போனீங்க?"

"சூளைய வுட்டுட்டு எங்க மேடம் போறது? அர்ச்சுனன்தான் போயிட்டு வருவான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பட்டையை அவிழ்த்துக்கொண்டே, பாதி எனக்கு நானே சொல்வதுபோல, "ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே" என்றேன்.

"எந்த ரத்தம்?"

"ஆனி மாசம் குடுத்தீங்களே. விரல்ல குத்தி, அட்டையில வச்சு."

"ஓ, அதா." கொளஞ்சி சிரித்தார். "அதுவும் அர்ச்சுனன்தான் மேடம் குடுத்தான். அன்னிக்கு சூளை எரிஞ்சுகிட்டு இருந்துச்சு."

  கம்பெனியே வந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"கூப்புடுங்க அந்த அர்ச்சுனன!"

அர்ச்சுனன் வந்தார். கொளஞ்சியின் மனைவி துர்காவுடைய அண்ணன். நல்ல உயரம். உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன தப்பு நடந்தது என்றே தெரியாத முகத்தோடு நின்றார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"கொளஞ்சின்னு கூப்ட்டா நீங்க ஏன் எந்திரிச்சுப் போனீங்க?"

"நான்தான மேடம் அவனுக்கு மாத்தாளு" என்றார், சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைச் சொல்வதுபோல.

பஞ்சநாதன் நடுவில் புகுந்து எனக்கு விளக்கினார். சூளையைப் பற்ற வைத்துவிட்டால் அணைக்கிறவரைக்கும் அதைப் பார்க்கிற ஆள் நகரக் கூடாது. நகர்ந்தால் அத்தனை சரக்கும் வெடித்துவிடும். அதனால் சூளை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாத்தாள் உண்டு. அவன் நகர முடியாத நேரத்தில் அவன் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் மாத்தாள் போவான். கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையை ஸ்கூலில் சேர்ப்பது, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுவது, சாவுக்குப் போய் நிற்பது எல்லாம். போய் வந்தால் அவனே போனதாகத்தான் கணக்கு. யாரும் கேட்க மாட்டார்கள்.

"என் பொண்டாட்டி பிரசவத்தப்ப நான் சூளையில மாட்டிக்கிட்டேன்" என்றார் அர்ச்சுனன். "ஆஸ்பத்திரியில புருஷன்னு கையெழுத்து போட்டது மச்சான்தான் மேடம். நான் போயி நின்னாப்லதான் அது. எல்லாம் நல்லபடியாத்தான் ஆச்சு."

"அந்த டாக்டர்கிட்டயும் போய், உங்க கையக் காட்டி, உங்க பி.பி.யப் பாத்து..."

"ஆமாங்க. ஒவ்வொரு மாசமும் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாரு. அதான் மாத்திரைய கொறச்சாரு." கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில்.

"ஏங்க, நீங்க சாப்ட்டா அவருக்குப் பசி அடங்குமா? உங்களுக்கு ஊசி போட்டா அவருக்கு ஜொரம் விடுமா? கரண்ட் பில்லும் கிட்னியும் ஒண்ணா? உடம்புக்கு மாத்தாள் கெடையாது! எந்தக் கம்பெனியிலயும் கெடையாது, எந்த ஊர்லயும் கெடையாது! நீங்க நல்லது பண்ணல, அவரக் கொன்னுகிட்டு இருக்கீங்க!"

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது.  கொளஞ்சிதான், "வுடுங்க மேடம், அவன் எனக்காகத்தான் போனான்" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்காகத்தான் போனானாம்!

அப்போதே நானே ரத்தம் எடுத்தேன். ஆதார் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அப்பா பெயர் கேட்டு, ஊசி குத்துவதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பஞ்சநாதன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பிரவீன்குமாருக்குப் பஸ்ஸில் இருந்தே போன் பண்ணிக் கொடுத்த டோஸில் அவர் இரண்டு நாள் ஆபீசில் என் கண்ணில் படவில்லை.

இந்த முறை கொளஞ்சியின் ரத்தத்தில் அந்த நொதி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நான் முதல் நாள் நினைத்தது சரி. தர்மராஜ் எழுந்து வந்து கை கொடுத்தார். இந்த மாவட்டத்தில் இதற்கு முன்னால் யாரும் கண்டுபிடித்ததில்லை, கட்டுரையாக எழுதலாம் என்றார். அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. கூடவே வந்த இன்னொரு பரிசோதனையில், கொளஞ்சியின் சிறுநீரகங்கள் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தன. ஆனியில் அவர் விரலில் குத்தியிருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம். மாசியில் பிடிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

சொல்வதற்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொளஞ்சியின் அம்மா கண்ணம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "என் தம்பிக்கும் வேர்க்காதும்மா" என்று ஆரம்பித்தார். "சூளையில நின்னா சாமி நிக்கிறாப்ல இருக்கும். பாவம், சின்ன வயசுலயே காலு வீங்கிப் போயிட்டான். கண்ணு பட்டுடுச்சு."

கண் படவில்லை என்று நான் விளக்கினேன். இந்த நோய் அம்மா வழியாக வருவது, அம்மாவுக்குப் பெரும்பாலும் அவ்வளவாகத் தெரியாது, மகனை முழுசாகப் பிடிக்கும் என்றேன். எத்தனை மெதுவாகச் சொன்னாலும் அதைச் சொல்ல நல்ல வழி ஒன்று கிடையாது. கண்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் குடுத்தனா?"

"நீங்க வேணும்னா குடுத்தீங்க? உங்களுக்கு உங்க அம்மா குடுத்தது" என்றேன். ஆறுதலாகச் சொல்ல நினைத்தது அதட்டலாக வந்து விழுந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

துர்கா வாசல்படியில் நின்று கேட்டாள். "என் பையன், மேடம்?"

"அப்பாகிட்டருந்து மகனுக்கு வராது. உன் பையனுக்கு ஒண்ணும் இல்ல."

"நெசமாவா? அவனுக்கு விளையாடிட்டு வந்தா குளிச்சாப்ல வேர்க்கும் மேடம். அப்பன் மாதிரி வரலியேன்னு இந்த வூட்டுல எல்லாருக்கும் வருத்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஆறிப்போன டீயை எடுத்து மடக் மடக் என்று குடித்தேன்.

அதற்கப்புறம் கொளஞ்சிக்கு எங்கள் நிலையத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விருத்தாசலத்தில் இருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வருவார், ரத்தத்தை எந்திரத்தில் விட்டுச் சுத்தம் பண்ணிக்கொண்டு, துவண்டு போய்த் திரும்புவார். நொதி மருந்துக்கு அரசு உதவி கேட்டு மனு மேல் மனு போட்டு நான் அலைந்தேன். அது ஒரு தனி நரகம். ஒரு அதிகாரி, "ரத்தக் கொதிப்புக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பெரிய மருந்து?" என்று கேட்டார். சூளையில் கொளஞ்சியின் இடத்தில் அர்ச்சுனன் நின்றார். லீவு கிடைக்கிற நாளில் கொளஞ்சியைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதும் அவர்தான். என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவார். நானும் கூப்பிடவில்லை.

சிறுநீரக டாக்டர் கடைசியில் சொன்னார்: மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் கொளஞ்சி மனிதராக நடமாட முடியும். யார் கொடுப்பது? கண்ணம்மாள், "என்னுது ரெண்டையும் எடுத்துக்குங்க" என்றார். அவர் ரத்தத்தையும் பார்த்தோம். அதே கோளாறு அவரிடமும் பாதி இருந்தது. எடுக்கக் கூடாது என்றதும், "குடுக்கக் கூடாதத குடுத்தேன், குடுக்க வேண்டியத குடுக்க வுட மாட்டேங்கிறீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். துர்காவுக்குச் சர்க்கரை இருந்தது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஊர் பேர் தெரியாத யாராவது ஒருவர் செத்து, அவர் வீட்டார் மனது வைத்துக் கொடுக்கும்வரை காத்திருக்கும் வரிசையில் பெயரை எழுதினோம். அந்த வரிசை நகர்வதற்குள் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று கொளஞ்சி உள்ளே எந்திரத்தோடு படுத்திருந்தார். நான் யார் மேலோ இருந்த கோபத்தில் நடைவழியில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்து அர்ச்சுனன் எழுந்து வழியில் நின்றார். அன்றைக்குத் திட்டியதற்கப்புறம் அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கு மச்சான் பேருல குடுத்த ரத்தம், நல்ல ரத்தம்னுதான வந்துச்சு?"

"ஆமா."

"என் வூட்டு ஆளுங்களுக்கு எல்லாருக்கும் நல்லா வேர்க்கும். மாசா மாசம் அவன் பேருல பி.பி. பாத்ததும் என்னுதுதான். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்க, இருந்துச்சு. அதனாலதானே இவ்வளவும்!" எரிச்சல் வந்துவிட்டது எனக்கு. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"உடம்புக்கு மாத்தாளு கெடையாதுன்னு சொன்னீங்க." தலையைக் குனிந்துகொண்டார். "கிட்னிக்கு உண்டுன்னு உள்ள டாக்டரு சொல்றாரு."

   எனக்குச் சொல்லக் கிடைத்ததெல்லாம் சட்டமும் எச்சரிக்கையும்தான். கூடப் பிறந்தவர் இல்லை என்பதால் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும், வற்புறுத்தலா பணமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள் என்றேன். ரத்த வகை சேர வேண்டும், இன்னும் எத்தனையோ சேர வேண்டும், சேராமலும் போகலாம் என்றேன். உங்கள் மனைவி சம்மதிக்க வேண்டும் என்றேன். அதற்கப்புறம் நீங்கள் சூளைச் சூட்டில் நிற்க முடியாது, வேறு வேலைதான் பார்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், அவர் பயந்து பின்வாங்கட்டும் என்று பாதி மனது நினைத்தது.

"பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன் மேடம். அவ பிரசவத்துக்கு யாரு நின்னாங்கன்னு அவளுக்குத் தெரியும்."

"நான் உங்களத் திட்டினேனே, அதுக்காகப் பண்றீங்களா?"

"இல்லீங்க." நிமிர்ந்து பார்த்தார். "அவன் இப்ப நகர முடியாம கெடக்கறான். நான்தான போவணும்?"

 "வாங்க" என்று முன்னால் நடந்தேன். ரத்தம் எடுக்கிற அறையில் பிரவீன்குமார் இருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அர்ச்சுனன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். வெளியே வெயில் அப்படி, அவர் முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

"பேரு?" என்றார் பிரவீன்குமார், குழாயில் ஒட்டும் சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு.

"கொளஞ்சி" என்றார் அர்ச்சுனன்.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இந்த வாட்டியாவது உங்க பேருலயே குடுங்களேன்!"

கண்ணீரோடு கத்துகிற டாக்டரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொஞ்சம் மிரண்டுவிட்டார்.

"அர்ச்சுனன்" என்றார்.

பிரவீன்குமார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆதார் அட்டை இருக்கா?" என்று கையை நீட்டினார்.